வருடத்துக்கு ஒரு முறை கறுக்கும் திரை

எங்கள் யூனிட்டில் எல்லா மெஷினும் ஒன்றாக நிற்பது வருடத்தில் ஒரே ஒரு நாள்தான், ஆயுத பூஜை அன்று. தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், தையல் லைன் வெறிச்சென்று கிடக்கும். அப்போதுகூட ஆபீஸ் அறை மூலையில் இருக்கும் அந்தக் கணினி ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் யூபிஎஸ், யூபிஎஸ் தீர்வதற்குள் ஜெனரேட்டர். அதை அணைக்கும் அதிகாரம் சரஸ்வதி தேவிக்கு மட்டும்தான் இருந்தது. பூஜையன்று மாலை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பிறக்காமல் யாரும் பட்டனைத் தொட மாட்டார்கள்.

யூனிட் மண்ணரை என்கிற ஊரில் இருக்கிறது. அம்மாவுடையது. ஒரு கம்பெனியில் செக்கிங் டேபிளில் பனியன் பீஸ் பார்க்கப் போனவள், அப்பா இறந்த பிறகு நாலு தையல் மெஷின் வாங்கிப் போட்டு, எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் எடுத்துத் தானே அதை வளர்த்தாள். எதிரே நிற்பவர் சரக்கு வாங்கும் பையரின் ஆளாக இருந்தாலும் லாரி டிரைவராக இருந்தாலும் ஒரே குரலில் பேசுவாள். அவள் அழுது நான் பார்த்தது கிடையாது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வருவதைப் படிக்கும்போது யாரும் அவளை அப்பாவி என்று நினைத்துவிடக் கூடாது.

என் தம்பிதான் அங்கே பேட்டர்ன் போடுகிறவன். சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாவற்றையும் கணினியில் வரைந்து, அளவு வாரியாகப் பெருக்கி, பெரிய காகிதத்தில் அச்செடுத்துக் கட்டிங் டேபிளுக்கு அனுப்புவான். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்கள் மேல் அவனுக்கு ஒரு வீம்பு. மூடப்போகிற ஒரு கம்பெனியிலிருந்து பழைய கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டான். நான் கோயம்புத்தூரில் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவன். லினக்ஸை அவனுக்கு அறிமுகப்படுத்தியது நான்தான் என்பதால், அந்தக் கணினி செய்த அட்டகாசங்களுக்கெல்லாம் என் காதுதான் கிழிந்தது.

அதன் பெரிய அட்டகாசம் ஒன்றுதான். அந்தப் பழைய கிராஃபிக்ஸ் கார்டுக்கும் லினக்ஸின் கெர்னலுக்கும் ஆகாது. கெர்னல் என்பது கணினி எழுந்ததும் பொறுப்பேற்றுக்கொள்கிற அடிப்படை நிரல். அது வந்த வேகத்தில் திரையின் அமைப்பை மாற்றப் பார்க்கும், கார்டு அந்த இடத்திலேயே உறைந்துபோகும், திரை கறுத்துவிடும். இதற்கு மருந்து ஒரு வார்த்தை. பவர் போட்டதும் வரும் மெனுவில் ‘ஈ’ விசையை அழுத்தினால், கெர்னலுக்குப் போகும் கட்டளை வரி திறக்கும். அந்த வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ என்று தட்ட வேண்டும். திரையில் கை வைக்காதே, இருக்கிறபடியே விட்டுவிடு என்று அதற்கு அர்த்தம். தட்டிவிட்டால் சமர்த்தாக எழுந்துகொள்ளும். ஆனால் அப்படித் தட்டுவது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். அணைத்துப் போட்டால் மறந்துவிடும்.

நான் திட்டிய பிறகு ஒரு வருடம் அவன் அந்த வார்த்தையை நிரந்தரமாக எழுதிவைத்தான், தப்பான கோப்பில். மெனுவுக்கு இரண்டு கோப்புகள் உண்டு. ஒன்று மூலம். மற்றொன்று அந்த மூலத்தைப் பார்த்துக் கணினி தானே எழுதிக்கொள்வது. அவன் எழுதியது இரண்டாவதில். புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அது அழிந்து புதிதாக எழுதப்படும். கட்டிங் டேபிளில் விரிக்கிற காகிதத்தில் அளவு தப்பாக இருந்தால் கட்டிங் மாஸ்டர் பேனாவால் திருத்திக்கொள்வார். மூலப் பேட்டர்னைத் திருத்தாததால் அடுத்த காகிதத்தில் அதே தப்பு திரும்பவும் வந்து நிற்கும். இதற்காக அவரோடு தினமும் மல்லுக்கட்டுகிற என் தம்பி, தன் கணினியில் அதையேதான் செய்துவைத்தான். போதாக்குறைக்கு, கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டும், புதுப்பித்ததும் எனக்கு மெயில் அனுப்ப வேண்டும் என்றும் ஏற்பாடு செய்துவைத்திருந்தான். அனுப்புநர் இடத்தில் அவன் பெயர் இருக்கும்.

ஆக, வருடம் முழுக்கப் புதிய கெர்னல்கள் வந்து சேரும். ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. விஜயதசமி காலையில் போடும்போதுதான் குட்டு வெளிப்படும். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, எல்லா மெஷினும் ஒரு சுற்று ஓடிய பிறகு கணினியைப் போடுவார்கள். திரை கறுக்கும். தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து எதையோ தட்டுவான். அது எழுந்துகொள்ளும். தையல்காரர்கள் கை தட்டுவார்கள். மூலக் கோப்பில் எழுதித் தொலையேன், இரண்டு நிமிட வேலைதானே என்று நான் போனில் கத்தினேன்.

“வருசத்துல ஒரு நாளைக்குத்தான் எனக்குக் கை தட்டறாங்க, அதையும் கெடுக்காதண்ணா,” என்றான். “நான்தான் இருக்கறனே.”

இருக்கிறேன் என்றவன் ஆடி மாதத்தில் பல்லடம் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போனான்.

அந்த வருடம் துக்கம். வீட்டில் பண்டிகை கிடையாது. ஆனால் பொட்டு வைக்காத மெஷினில் உட்கார மாட்டோம் என்று தையல்காரர்கள் சொல்லிவிட்டார்கள், பூஜையை அவர்களே செய்துகொள்ளட்டும் என்று அம்மாவும் விட்டுவிட்டாள். மறுநாள் காலை, நான் அம்மாவோடு வீட்டில் இருந்தபோது போன் வந்தது. பேசியது தம்பியிடம் உதவியாக இருந்த பெண், தென்காசிப் பக்கத்துக்காரி. அவன் இல்லாமல் பேட்டர்ன் வேலையை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டம் எழ மாட்டேன் என்கிறது, திரை கறுப்பாக அப்படியே நிற்கிறது என்றாள். காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நானும் வருகிறேன் என்று அம்மா செருப்பைப் போட்டதுதான் எனக்கு ஆச்சரியம். தம்பி போனதிலிருந்து அவள் அந்த அறைக்குள் காலே வைத்ததில்லை.

அறை வாசலில் கூட்டம். சந்தனம் உள்ளே இறங்கிவிட்டது என்றார் ஒருவர். பூசணிக்காய் சரியாக உடையவில்லை என்றார் இன்னொருவர். நான் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் அதை மிகவும் தாழ்வாக இறக்கி வைத்திருந்தான், அதில் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் குனியத்தான் வேண்டும். கீபோர்டின் மேல் குனிந்ததும் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். திரையைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். வார்த்தையைத் தட்டினேன். கணினி எழுந்தது. அவன் பாதியில் விட்டுப்போன ஒரு காலர் பேட்டர்ன் திரைக்கு வந்தது. யாரும் கை தட்டவில்லை.

அன்று மதியம் அம்மா தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, முழுவதையும் சாப்பிட்டாள். ஆடிக்குப் பிறகு அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, “இன்னைக்கு அவனப் பாத்தேங்கண்ணு,” என்றாள்.

அது கிராஃபிக்ஸ் கார்டின் கோளாறு என்று எந்த வாயால் சொல்வது? மகன் அந்தக் கறுத்த திரையில் வந்து நின்றான், நான் தட்டியதும் விலகிப்போனான் என்று அவள் நம்புகிறாள் என்று புரிந்துகொண்டேன். மூலக் கோப்பில் அந்த வார்த்தையை எழுதி ஒரு கட்டளை கொடுத்தால் கதை முடிந்தது. எழுதினால் திரை இனிமேல் கறுக்காது. வருடத்தில் ஒரு நாள் அவளுக்குக் கிடைக்கிற மகன் அதோடு கிடைக்க மாட்டான். எழுதாமலே கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டேன்.

மெயில்கள் வந்துகொண்டிருந்தன. சிக்னலில் வண்டியை நிறுத்தியிருக்கும்போது, காய்கறிக் கடையில் நிற்கும்போது, போன் லேசாக அதிரும். எடுத்துப் பார்த்தால் தம்பியின் பெயர். ‘புதிய கெர்னல் நிறுவப்பட்டது, மறுதொடக்கம் தேவை.’ இயந்திரம் அனுப்புகிறது என்று எனக்குத் தெரியும், அதை எழுதும் நிரல் எது என்றுகூடத் தெரியும். தெரிந்து என்ன? ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தேன். அவன் போட்ட உத்தரவுப்படி கணினி தன்னைப் புதுப்பிக்கிறது. பெயரை மாற்றிவிடலாம் என்று பல முறை நினைத்தேன், மாற்றவில்லை.

அடுத்த வருடம் நவராத்திரி தொடங்கியதிலிருந்தே அம்மாவிடம் ஒரு சுறுசுறுப்பு. விஜயதசமி காலையில் ஒரு நீலச் சட்டையை எடுத்து வந்து கொடுத்தாள். தம்பிக்கு வாங்கியது, பிரிக்காமலே இருக்கிறது, வீணாக வேண்டாம், நீ போட்டுக்கொள் என்றாள். போட்டுக்கொண்டேன். யூனிட்டில் எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டாள். பட்டனை அழுத்தி, திரை கறுத்ததும் நான் உட்கார்ந்தேன். அவள் எனக்குப் பக்கத்தில் வரவில்லை, நேர் பின்னால் நின்றுகொண்டாள். திரையைப் பார்க்கப் பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மெல்லிய குரலில் ஏதோ பேச்சு. அனுப்பர்பாளையத்தில் ஒரு ஆர்டர் பேசியிருப்பது, மாடியில் ஓடு மாற்றியது, தெருவில் யாருக்கோ கல்யாணம். அவள் மூச்சு என் பிடரியில் பட்டது. திரும்பிப் பார்த்தால் அங்கே அம்மாவைத் தவிர வேறு யாரோ இருப்பார்கள் என்று ஒரு பயம். அதனால் திரும்பவே இல்லை.

மூன்றாம் வருடம்தான் எல்லாம் கெட்டது. நான் காலையில் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பினேன். அவிநாசிக்கு முன்னால் ஏதோ விபத்து, வண்டிகள் அசையவில்லை. நல்ல நேரம் போய்விடும் என்று அங்கே கணினியைப் போட்டுவிட்டார்கள். வழக்கம்போலத் திரை கறுத்தது. தென்காசிப் பெண் போன் செய்தாள். ஒன்றுமில்லை, மறுபடி அணைத்துப் போட்டு ‘ஈ’யை அழுத்து, நான் சொல்லச் சொல்லத் தட்டு என்றேன். அம்மா தன்னைத் தொட விடவில்லை என்றாள். அவன் வரட்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாளாம். தண்ணீர் கொடுத்தாலும் வாங்கவில்லையாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, வேர்த்து, ஒரு கை நெஞ்சில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தூக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். உட்காரு என்று நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தேன். அவசரத்தில் ஒரு எழுத்து தப்பி, திரை மறுபடியும் கறுத்தது. இரண்டாம் முறை சரியாகத் தட்டினேன். அது எழுந்த பிறகுதான் வண்டியில் ஏற ஒப்புக்கொண்டாள்.

வெறும் வயிற்றோடு வெகுநேரம் நின்றதில் பிரஷர் ஏறிவிட்டது, பெரிதாக ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் தென்காசிப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு என் மேல் கோபம். ஒரு கணினி நிற்பது எதனால் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

“அப்பொறம் என்னத்துக்குண்ணே அதை இப்படியே போட்டு வச்சிருக்கிய? அம்மாவும் போனதுக்கப்பொறம் சரி பண்ணுவியளா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கேட்டது நியாயம். அம்மா ட்ரிப்ஸ் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த மதியத்தில் யூனிட்டுக்குப் போனேன். மூலக் கோப்பைத் திறந்தேன். கட்டளை வரிக்கான இடத்தில், மேற்கோள் குறிக்குள், கடைசியில் அந்த வார்த்தையைச் சேர்த்துச் சேமித்தேன். மெனுவைப் புதிதாக எழுதும் கட்டளையைக் கொடுத்தேன். இருக்கிற கெர்னல்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டே வந்து, முடிந்தது என்றது. உண்மையாகவே இரண்டு நிமிடம்தான் ஆனது. இனி எத்தனை கெர்னல் வந்தாலும் அந்த வார்த்தை கூடவே வரும். கையில் விளக்கமாற்றோடு வீட்டிலிருந்து ஒருவனை விரட்டியது மாதிரி இருந்தது. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருடம் முழுக்க மெயில் வரும்போதெல்லாம் கோயம்புத்தூரிலிருந்தே உள்ளே நுழைந்து பார்த்தேன். புதிய மெனுவில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வார்த்தை இருந்தது. சரியாக இருக்கிறது என்று நிம்மதிதானே வர வேண்டும்? ஒரு தடவையாவது அழிந்திருக்கக் கூடாதா என்றுதான் பார்த்தேன் என்று பிறகு புரிந்தது. அவன் போய்விட்டான் என்பதை எனக்கு எல்லாரும் சொன்னார்கள், நானும் கொள்ளி வைக்கிற இடத்தில் நின்றேன். ஆனாலும் அந்த மூன்று வருடமும் அவனுடைய வேலை ஒன்று பாக்கி இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

இந்த விஜயதசமிக்கு முந்தின நாளே ஊருக்கு வந்துவிட்டேன். காலையில் அம்மா நீலச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். போகிற வழியில் பூ வாங்கினாள். யூனிட்டில் எல்லோரையும் வழக்கம்போல வெளியே நிறுத்திவிட்டுக் கற்பூரம் காட்டினாள், முருகன் படத்துக்கும் கணினிக்கும். பிறகு நாற்காலிக்குப் பின்னால் தன் இடத்தில் போய் நின்றுகொண்டாள். நான் பட்டனை அழுத்தினேன்.

மெனு வந்தது, தானாகவே போனது. எழுத்துகள் ஓடின. திரை கறுக்கவில்லை. நான் நாற்காலியில் உட்காரக்கூட நேரம் இல்லை, அதற்குள் தென்காசிப் பெண் நேற்று முடித்துவைத்த பேட்டர்ன்களின் வரிசை வந்து நின்றது. வெளியே யாரோ கை தட்டினார்கள். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன.

அம்மா அசையவில்லை. காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி பண்ணிவிட்டேன், இனிமேல் நிற்காது, நீங்கள் போன வருடம் மாதிரிக் கிடந்து தவிக்க வேண்டாம் என்றேன். அவன் அதில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளே கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எனக்கென்ன கண்ணு, புத்தியா கெட்டுப்போச்சு? பொட்டிக்குள்ள ஆளு இருக்குமா?”

அவள் நாற்காலியின் முதுகை ஒரு தடவை தடவிவிட்டாள்.

“நீ இதுல குனிஞ்சு உக்காந்து, கழுத்தச் சாச்சுட்டுத் தட்டறப்ப பின்னாடி நின்னு பாத்தா அவனேதான் சாமி. மூஞ்சியத் திருப்பாம இருந்தாப் போதும். அந்தச் சித்த நேரத்துக்குத்தான் வருசம் பூரா பொறுத்துட்டுக் கெடந்தேன்.”

சொல்லிவிட்டு, சரி வேலையைப் பார்க்கலாம் என்கிற மாதிரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கட்டிங் மாஸ்டர் வாசலில் வந்து காகிதம் எப்போது வரும் என்று கேட்டார். கொஞ்சம் ஆகும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியை அணைத்தேன். நாற்காலியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி உட்கார்ந்தேன். மறுபடி பட்டனை அழுத்தி, மெனு வந்ததும் ‘ஈ’யைத் தட்டினேன். வரி திறந்தது. கடைசி வரைக்கும் நகர்த்திக்கொண்டு போனேன். வார்த்தை அங்கே ஏற்கெனவே இருந்தது, எனக்குச் சேர்க்க எதுவும் இல்லை. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஓர் இடைவெளி தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். பின்னால் அம்மாவின் மூச்சு வந்தது. அனுப்பர்பாளையத்து ஆர்டர் முடிந்துவிட்டது என்று அவனிடம் சொல்ல ஆரம்பித்தாள். அந்தத் திரை யாரையும் அவசரப்படுத்தாது, எவ்வளவு நேரமானாலும் அப்படியே நிற்கும். அவள் பேசி முடிக்கும்வரை நான் முகத்தைத் திருப்பவில்லை.